ஆக்டிவ் டைரக்டரியைக் கட்டிக் காப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

வேலையை விட்டுப் போய் மூன்று வருடமான ஒருவரின் கணக்கை ஒரு நாள் முடக்கினேன். பட்டியலைச் சுத்தம் செய்வோமே என்ற நல்லெண்ணம்தான். அன்றிரவு சர்வர் ரீஸ்டார்ட் ஆனது, மறுநாள் காலை சம்பள மென்பொருள் திறக்கவில்லை. அந்த மென்பொருளின் சர்வீஸ் அவருடைய பெயரிலும் பாஸ்வேர்டிலும்தான் ஓடிக்கொண்டிருந்தது. நிறுவியவர் அவர், கணக்கு கேட்ட இடத்தில் தன் கணக்கையே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அலுவலகத்தில் ஒருவருக்கும் அது தெரியாது.

டைரக்டரியில் ஒன்றைச் சேர்க்க அரை நிமிடம் போதும். எடுக்க வேண்டுமென்றால் அது எங்கெல்லாம் வேர் விட்டிருக்கிறது என்று தோண்ட வேண்டும். அதனால் கீழே ஒவ்வொரு படியிலும் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வரும்: இதை நாளைக்கு எப்படி எடுப்பேன்?

பெரும்பாலான அலுவலகங்களில் இருப்பது மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். லினக்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு சாம்பா உண்டு. 2012 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பிலிருந்து அதுவும் டொமைன் கன்ட்ரோலராக, அதாவது டைரக்டரியை வைத்திருந்து லாகினைச் சரிபார்க்கும் சர்வராக இயங்கும். ஓப்பன்எல்டாப், ஃப்ரீஐபிஏ போன்ற வேறு டைரக்டரி மென்பொருள்கள் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பலவும் பொருந்தும்.

உள்ளே என்ன நடக்கிறது?

டைரக்டரி என்பது ஒரு பேரேடு. யார் யார் இருக்கிறார்கள், எந்தெந்தக் கணினிகள் நம்முடையவை, எந்தக் குழுவுக்கு எது திறக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். 1988-இல் வந்த எக்ஸ்.500 தரநிலைதான் இதன் மூதாதை. அது சாதாரணக் கணினிகளுக்குப் பெரும் பாரம். அந்தப் பாரத்தைக் குறைக்க மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பிறந்ததுதான் எல்டாப், டைரக்டரியிடம் கேட்டுப் படிப்பதற்கான நெறிமுறை. 1993-இல் அதன் முதல் ஆவணம் வந்தது; இன்று நாம் பயன்படுத்தும் மூன்றாம் பதிப்பு 1997-இல். ஆக்டிவ் டைரக்டரி 2000 பிப்ரவரியில் விண்டோஸ் 2000 சர்வருடன் வெளியானது.

ஒருவர் காலையில் லாகின் செய்யும்போது நடப்பதைத் தெரிந்துகொண்டால் பிறகு வரும் பிரச்சினைகளில் பாதி தானாகவே விளங்கும். கணினி முதலில், பெயரைச் சொன்னால் முகவரி தரும் டிஎன்எஸ்ஸிடம் 'டொமைன் கன்ட்ரோலர் எங்கே?' என்று கேட்கிறது. பதில், ஒரு சேவை எந்தச் சர்வரில் இருக்கிறது என்று சொல்லும் எஸ்ஆர்வி பதிவாக வருகிறது. அந்தச் சர்வரின் 88-ஆம் போர்ட்டில் கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை மூலம் தான் யார் என்று நிரூபித்து, ஒரு டிக்கெட் வாங்குகிறது. வழக்கமான அமைப்பில் அதன் ஆயுள் 10 மணி நேரம். அந்த டிக்கெட்டைக் காட்டித்தான் கோப்பு சர்வருக்கும் பிரிண்டருக்கும் தனித்தனி டிக்கெட் வாங்குகிறது. பேரேட்டைப் படிக்க எல்டாப்பின் 389-ஆம் போர்ட், மறையாக்கத்தோடு என்றால் 636.

இரு பக்கக் கடிகாரங்களுக்கும் இடையே 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கெர்பரோஸ் மறுத்துவிடும். 'பாஸ்வேர்ட் சரியாகத்தான் போடுகிறேன், உள்ளே விட மாட்டேன் என்கிறது' என்று புகார் வந்தால் முதலில் டிஎன்எஸ், அடுத்து கடிகாரம். இவை இரண்டையும் பார்க்காமல் வேறெதையும் தொடாதீர்கள்.

படி 1: பெயர் வைப்பது

டொமைன் என்பது ஒரே பேரேட்டின் கீழ் வரும் பயனர்கள், கணினிகளின் தொகுதி. அதற்கு வைக்கும் பெயர் கல்வெட்டு மாதிரி. மாற்றுவதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. அதைப் பயன்படுத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கிய யாரையும் நான் சந்தித்ததில்லை. எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வர் இருந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

'டாட் லோக்கல்' என்று முடியும் பெயர் வேண்டாம். அந்தப் பின்னொட்டு, அக்கம்பக்கத்துக் கருவிகளைத் தேடும் மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்காக ஒதுக்கப்பட்டது. மேக், லினக்ஸ் கணினிகள் குழம்பும், பொதுச் சான்றிதழும் கிடைக்காது. நிறுவனத்தின் இணையதளப் பெயரையே அப்படியே வைத்தாலும் தொல்லை: உள்ளே இருப்பவர்களுக்குச் சொந்த இணையதளம் திறக்காது, ஒவ்வொரு பதிவையும் இரண்டு இடத்தில் பராமரிக்க வேண்டும். நிறுவனத்துக்குச் சொந்தமான பெயருக்கு முன்னால் 'ஏடி' அல்லது 'கார்ப்' என்று சேர்த்து ஒரு துணைப் பெயர் வைத்துவிடுங்கள். டொமைனின் பழைய பாணிச் சுருக்கப் பெயரான நெட்பயாஸ் பெயர் 15 எழுத்துக்குள் அடங்க வேண்டும். நிறுவனத்தின் பெயர் நாளை மாறலாம் என்ற சந்தேகம் இருந்தால் அந்தப் பெயரே வராத பொதுவான சொல்லாகத் தேர்ந்தெடுங்கள்.

எத்தனை டொமைன்? ஒரு ஃபாரஸ்ட் (டொமைன்களின் மொத்தத் தொகுப்பு), அதில் ஒரு டொமைன் போதும். கிளைக்கு ஒன்று, துறைக்கு ஒன்று என்று பிரிப்பதால் பாதுகாப்பு கூடும் என்று நினைப்பவர்கள் உண்டு. பாதுகாப்பின் எல்லை ஃபாரஸ்ட்தான், டொமைன் அல்ல. ஒரு டொமைனின் நிர்வாகி கணக்கைப் பிடித்தவனால் ஃபாரஸ்ட் முழுவதையும் பிடிக்க முடியும்.

படி 2: டொமைன் கன்ட்ரோலர்கள்

ஆரம்பமே இரண்டு. இரண்டு விர்ச்சுவல் மெஷின்களையும் ஒரே ஹோஸ்ட்டில் வைத்தால் அது ஒன்றுதான். இரண்டுக்கும் நிலையான ஐபி. டிஎன்எஸ் அமைப்பில் முதலில் மற்றதன் முகவரி, இரண்டாவதாகத் தன்னுடையது. வெளி இணையத்தின் பொது டிஎன்எஸ் முகவரியை அங்கே எழுதவே கூடாது. அது, தனக்குத் தெரியாத பெயர்களை வெளியே கேட்கும் ஃபார்வர்டர் அமைப்பில் மட்டும். பயனர்களின் கணினிகளிலும் அப்படியே. 'இன்டர்நெட் வேகமாக வரட்டும்' என்று யாரோ ஒருவர், கணினிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபியில் இரண்டாவதாகப் பொது டிஎன்எஸ் முகவரியைச் சேர்த்துவிடுவார். அதன்பின் லாகின் சில நாள் நடக்கும், சில நாள் நடக்காது. தினமும் கெட்டிருக்கும் ஒன்றைவிட எப்போதாவது கெடுவதைப் பிடிப்பதுதான் பெரும்பாடு.

நிறுவும்போது டிஎஸ்ஆர்எம் பாஸ்வேர்ட் ஒன்று கேட்கும். டைரக்டரியே எழுந்திருக்காத நாளில் உள்ளே நுழைய இருக்கும் வழி அது. ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டு மறந்துவிடுபவர்கள்தான் அதிகம். எழுதி, உறையில் போட்டு, பூட்டி வையுங்கள்.

கன்ட்ரோலரில் கோப்பு சர்வர், பிரிண்ட் சர்வர், ஆன்டிவைரஸ் மேலாண்மை என்று எதையும் ஏற்றாதீர்கள். நாளை அதை ஓய்வு கொடுத்து அனுப்பும்போது அத்தனையையும் பெயர்க்க வேண்டியிருக்கும்.

ஐந்து தனிப் பொறுப்புகள் ஏதேனும் ஒரு கன்ட்ரோலரிடம் மட்டுமே இருக்கும்: ஸ்கீமா மாஸ்டர், டொமைன் நேமிங் மாஸ்டர், ரிட் மாஸ்டர், பிடிசி எமுலேட்டர், இன்ஃப்ராஸ்ட்ரக்சர் மாஸ்டர். தினசரி வாழ்க்கையில் உங்களுக்குத் தட்டுப்படப் போவது பிடிசி எமுலேட்டர். பாஸ்வேர்ட் மாற்றங்கள் முதலில் அதற்குத் தெரியும். கணக்குப் பூட்டப்படுவது அங்கே பதிவாகும். நேரமும் அதிலிருந்துதான் கீழே இறங்கும். எனவே முதல் டொமைனின் பிடிசி எமுலேட்டரை மட்டும் நம்பகமான வெளி நேர சர்வருடன் இணையுங்கள், மற்றவை அதைப் பின்தொடரட்டும். விர்ச்சுவல் மெஷினாக இருந்தால் ஹோஸ்ட்டிலிருந்து நேரம் வாங்கும் வசதியை நிறுத்திவிடுங்கள். இரண்டு பேர் நேரம் சொன்னால் இரண்டும் தப்பாகப் போகும்.

கிளைகள் இருந்தால் சைட் (ஒவ்வொரு கிளையின் இடம்), சப்நெட் (அதன் ஐபி முகவரி வரம்பு) இரண்டையும் பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒரு கிளையின் கணினி வேறொரு ஊரின் கன்ட்ரோலரிடம் போய் லாகின் கேட்டுக்கொண்டிருக்கும். ஒரே சைட்டுக்குள் மாற்றங்கள் நொடிக்கணக்கில் பரவும். சைட்டுகளுக்கு இடையே வழக்கமான இடைவெளி 180 நிமிடம். அட்டவணையில் 15 நிமிடம் வரை குறைக்கலாம்.

ஒரு கன்ட்ரோலரை அனுப்பிவைக்க முறையான வழி டிமோட் செய்வது, அதாவது கன்ட்ரோலர் பொறுப்பைக் கழற்றிவிடுவது. அது எரிந்தே போய்விட்டதென்றால் அதன் தடயங்களை டைரக்டரி, டிஎன்எஸ், சைட் பட்டியல் மூன்றிலிருந்தும் துடைக்க வேண்டும். அதனிடம் இருந்த தனிப் பொறுப்பைப் பலவந்தமாகப் பறித்து வேறொன்றுக்குக் கொடுத்திருந்தால், பழையதைப் பழுதுபார்த்து மறுபடி நெட்வொர்க்கில் இணைக்கவே கூடாது. 180 நாளுக்கு மேல் அணைந்து கிடந்த கன்ட்ரோலருக்கும் இதே விதி. நீக்கிய பொருள்களின் கல்லறைக் குறிப்பை டைரக்டரி அவ்வளவு நாள்தான் வைத்திருக்கும். அதற்குப் பிறகு எழுந்து வருவது, இறந்தவர்களை உயிரோடு கூட்டி வரும்.

படி 3: ஓயு அமைப்பு

ஓயு என்பது டைரக்டரிக்குள் கணக்குகளையும் கணினிகளையும் பிரித்து வைக்கும் பெட்டி. நிறுவனத்தின் அதிகார வரைபடத்தை அப்படியே ஓயுவாக வரைவது எல்லோரும் செய்யும் தவறு. துறைகள் இணையும், பிரியும், பெயர் மாறும். ஓயு இரண்டு காரியங்களுக்காகவே இருக்கிறது: பாலிசியை (கணினிகளுக்கும் பயனர்களுக்கும் மையத்திலிருந்து போடும் அமைப்பு விதிகள்) பொருத்த, பொறுப்பைப் பகிர்ந்து கொடுக்க. இவ்விரண்டில் ஒன்றுகூட வேறுபடாத இடத்தில் புது ஓயு தேவையில்லை. பயனர்கள், பணிநிலையங்கள், சர்வர்கள், சர்வீஸ் கணக்குகள், நிர்வாகக் கணக்குகள், குழுக்கள் என்று தொடங்கினால் போதும்.

புதிதாகச் சேரும் பயனரும் கணினியும் விழும் இயல்பான கன்டெய்னர்களோடு குரூப் பாலிசியை இணைக்க முடியாது. அதனால் புதுக் கணினிகள் ஓயுக்களில் இணைத்த பாலிசி எதுவும் இல்லாமல் அநாதையாகக் கிடக்கும். ரீடிர்-கம்ப் (redircmp), ரீடிர்-யூசர் (redirusr) என்ற இரு கட்டளைகளால் அந்த இயல்பு இடத்தை உங்கள் ஓயுவுக்குத் திருப்பிவிடுங்கள்.

படி 4: குழுக்கள்

உரிமையை ஒருபோதும் நபருக்குக் கொடுக்காதீர்கள். நபரைப் பணி சார்ந்த குளோபல் குழுவில் சேருங்கள். அந்தக் குழுவை, ஒரு வளத்துக்கான டொமைன் லோக்கல் குழுவில் சேருங்கள். வளத்தில் உரிமை அந்தக் கடைசிக் குழுவுக்கு மட்டும். கணக்குப் பிரிவின் பட்ஜெட் ஃபோல்டர் என்றால் 'கணக்குப் பிரிவினர்' என்பது முதல் குழு, 'பட்ஜெட் ஃபோல்டர் – திருத்தலாம்' என்பது இரண்டாவது. முதல்முறை பார்ப்பவருக்குச் சுற்றி வளைப்பதாகத் தோன்றும். ஒருவரை எடுக்கும் நாளில்தான் அருமை தெரியும்: ஒரே குழுவிலிருந்து நீக்கினால் எல்லாக் கதவும் மூடிவிடும். நேரடியாகப் பெயர் எழுதிய ஃபோல்டர்களில், அவருடைய கணக்கை அழித்த பிறகு எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீளமான எண் ஒன்று மட்டும் மிஞ்சி நிற்கும். அது யார் என்று யாருக்கும் தெரியாது.

ஒவ்வொரு குழுவிலும் விவரம் என்ற கட்டத்தை நிரப்புங்கள்: எதற்காக, யார் கேட்டார், யார் பொறுப்பு. பொறுப்பாளர் இல்லாத குழுவை உருவாக்க மறுத்துவிடுவது என் வழக்கம்.

படி 5: வருபவர், மாறுபவர், போகிறவர்

மொத்த வேலையின் இதயம் இது, எந்தப் பாடநூலும் இரண்டு பக்கத்துக்கு மேல் இதற்குத் தருவதில்லை.

வருபவரைப் பற்றிக் கவலையே வேண்டாம். கணக்கு இல்லாவிட்டால் அவரே வந்து நிற்பார், அவருடைய மேலாளர் ஃபோன் செய்வார். ஒரே எச்சரிக்கை: 'இவருக்கு உள்ளதெல்லாம் அவருக்கும் கொடுத்துவிடுங்கள்' என்ற கோரிக்கையை ஏற்காதீர்கள். இவரிடம் பத்து வருடக் குப்பை இருக்கும்.

அந்தக் குப்பை சேருவது மாறுபவர்களால். கொள்முதலில் இருந்தவர் கணக்குப் பிரிவுக்கு மாறினால் புது உரிமையை அன்றே கேட்பார். பழையதை எடுங்கள் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ஒரே ஆள் பில்லை உருவாக்கவும் முடியும், அதற்குப் பணம் விடுவிக்கவும் முடியும் என்ற நிலை இப்படித்தான் உருவாகிறது. இடமாற்ற நாளில் பழைய பணிக் குழுவிலிருந்து நீக்குங்கள்; ஒப்படைப்புக்கு அவகாசம் வேண்டுமென்றால் முடியும் தேதியோடு கொடுங்கள்.

போகிறவர் விஷயத்தில் தகவல் மனிதவளப் பிரிவிலிருந்து அன்றன்றே வர வேண்டும். பிரிவு உபசாரத்துக்கு அழைப்பு வந்தால்தான் தெரியும் என்ற நிலை இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பிறகு இந்த வரிசை: கணக்கை முடக்குங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள், கணினியிலிருந்து லாக்-ஆஃப் செய்யுங்கள். ஏற்கெனவே வாங்கிய சர்வீஸ் டிக்கெட், கணக்கை முடக்கிய பிறகும் ஆயுள் முடியும் வரை செல்லும் என்பதால் மூன்றாவதும் தேவை. அடுத்து, அவர் இருந்த குழுக்களின் பட்டியலை ஒரு கோப்பில் எழுதிவிட்டு எல்லாவற்றிலிருந்தும் நீக்கி, 'முடக்கப்பட்டவர்கள்' ஓயுவுக்கு நகர்த்துங்கள்.

உடனே அழிக்க வேண்டாம். டைரக்டரி ஒருவரை அறிவது பெயரால் அல்ல, எஸ்ஐடி என்ற எண்ணால். அழித்துவிட்டு அதே பெயரில் மறுபடி உருவாக்கினாலும் அது வேறு ஆள்தான். பழைய உரிமை ஒன்றும் ஒட்டாது. முதல் நாளே, அழித்ததை மீட்டெடுக்க உதவும் ரீசைக்கிள் பின் வசதியை இயக்கிவிடுங்கள். விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 காலத்திலிருந்து இருக்கிறது, இயல்பாக அணைந்திருக்கும், ஒருமுறை இயக்கினால் அணைக்க முடியாது. அணைக்க யாருக்கும் காரணமும் இருக்காது.

சொல்லாமல் போனவர்களைப் பிடிக்க, 90 நாளாக லாகின் செய்யாத கணக்குகளை மாதம் ஒருமுறை எடுங்கள். கன்ட்ரோலர்களிடையே பகிரப்படும் கடைசி லாகின் நேரம் 14 நாள் வரை பின்தங்கி இருக்கலாம். 30 நாள் என்று வைத்தால் விடுப்பில் போனவர்களெல்லாம் மாட்டுவார்கள்.

சம்பள மென்பொருள் கதைக்கு வருவோம். சர்வீஸ்களை மனிதர்களின் கணக்கில் ஓடவிடாமல் இருக்க ஜிஎம்எஸ்ஏ என்ற தனிவகைக் கணக்கு இருக்கிறது. அதன் பாஸ்வேர்டை டைரக்டரியே உருவாக்கி 30 நாளுக்கு ஒருமுறை மாற்றும். மனிதர் யாரும் தட்ட வேண்டியதில்லை. மென்பொருள் அதை ஏற்காவிட்டால் சாதாரணக் கணக்கு ஒன்றை 25 எழுத்துக்கு மேற்பட்ட பாஸ்வேர்டோடு உருவாக்கி, எந்த சர்வரில் எதற்காக என்று விவரத்தில் எழுதுங்கள். நீளம் ஏனென்றால், சர்வீஸ் டிக்கெட்டை டொமைனில் உள்ள யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கி, வீட்டில் உட்கார்ந்து உடைத்துப் பார்க்கலாம்.

படி 6: குரூப் பாலிசி

லோக்கல், சைட், டொமைன், ஓயு என்ற வரிசையில் பாலிசிகள் இறங்கும். கடைசியாக வருவது வெல்லும். புதுப்பிப்பு 90 நிமிடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் 30 நிமிடம் வரை தள்ளிப் போகலாம். ஏன் இந்தக் கணினிக்கு மட்டும் வரவில்லை என்ற கேள்விக்கு ஜிபி-ரிசல்ட் கட்டளை பதில் சொல்லும். ஊகிக்காமல் அதை ஓட்டுங்கள்.

பாலிசியை எடுத்துவிட்டால் அது செய்த மாற்றமும் போய்விடுமா? பாலிசி என்ற பகுதியில் வைத்தவை பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். பிரிஃபரன்ஸ் என்ற பகுதியில் வைத்தவை அப்படியே பச்சை குத்தியது போல நிற்கும். டிரைவ் மேப்பிங், பிரிண்டர் இரண்டும் இந்த இரண்டாவது வகை. 'இனி பொருந்தாதபோது நீக்கு' என்ற பெட்டியை அமைக்கும்போதே டிக் செய்தால்தான் பின்னால் தானாகப் போகும்.

ஒரு பாலிசியை ஒரு சிலருக்கு மட்டும் என்று வடிகட்டும்போது 'ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்' குழுவை முழுவதுமாக எடுத்துவிடாதீர்கள். படிக்கும் உரிமையாவது விட்டு வையுங்கள். 2016 ஜூனில் வந்த பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பிறகு பயனரின் பாலிசியையும் கணினியின் பெயரில்தான் விண்டோஸ் படிக்கிறது.

இயல்பான பாஸ்வேர்ட் விதி 7 எழுத்து, 42 நாள். 42 நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொன்னால் மக்கள் கடைசி எண்ணை ஒன்று கூட்டுவார்கள், அவ்வளவுதான். அமெரிக்காவின் தரநிலை அமைப்பான நிஸ்ட்டின் வழிகாட்டுதலே, கசிந்ததற்கான அறிகுறி இல்லாமல் கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்கிறது. நீளத்தைக் கூட்டுங்கள், கெடுவைத் தளர்த்துங்கள், கூடவே இரண்டாம் சரிபார்ப்பைக் கொண்டுவாருங்கள். நிர்வாகிகளுக்கு மட்டும் கடுமையான விதி வேண்டுமென்றால் ஃபைன்-கிரெய்ன்ட் பாலிசி இருக்கிறது.

படி 7: நிர்வாக உரிமை

'டொமைன் அட்மின்ஸ்' குழுவைத் திறந்து பாருங்கள். விரல்விட்டு எண்ண முடியாவிட்டால் இன்றைக்கு வேறு வேலை வேண்டாம். ஹெல்ப்டெஸ்க்குக்கு பாஸ்வேர்ட் ரீசெட் செய்யத்தான் உரிமை தேவை. குறிப்பிட்ட ஓயுவில் அதை மட்டும் டெலிகேட் செய்யலாம். நிர்வாகிக்கு இரண்டு கணக்கு: மெயில் பார்க்க ஒன்று, கன்ட்ரோலரைத் தொட ஒன்று. இரண்டாவதை வைத்துச் சாதாரணக் கணினியில் லாகின் செய்தால், அந்தக் கணினியைப் பிடித்தவன் கையில் டொமைனின் சாவி.

எல்லாக் கணினியிலும் ஒரே லோக்கல் அட்மின் பாஸ்வேர்ட் இருந்தால், லாப்ஸ் என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். 2023 ஏப்ரலிலிருந்து விண்டோஸிலேயே வருகிறது, கணினிக்கு ஒரு பாஸ்வேர்ட் வைத்துத் தானே மாற்றும். சாதாரணப் பயனர் ஒவ்வொருவரும் 10 கணினிகளை டொமைனில் சேர்க்கலாம் என்ற இயல்பு அனுமதியைப் பூஜ்யமாக்குங்கள்.

இங்கேயும் எடுப்பதில் ஒரு கண்ணி. நிர்வாகக் குழுவில் இருப்பவரின் கணக்குக்கு டைரக்டரி மணிக்கொருமுறை தனி அனுமதிப் பட்டியலைப் பூசுகிறது, ஓயுவிலிருந்து வரும் உரிமையைத் துண்டிக்கிறது. குழுவிலிருந்து அவரை எடுத்தாலும் அந்தப் பூச்சு போகாது. 'இவருடைய பாஸ்வேர்டை மட்டும் ஹெல்ப்டெஸ்க்கால் மாற்ற முடியவில்லை' என்று வரும் மர்மங்களின் விடை இதுதான். அட்மின்கவுண்ட் என்ற பண்பைத் துடைத்து, அனுமதி மரபுரிமையைக் கையால் மீண்டும் இயக்க வேண்டும்.

படி 8: வாராவாரம் பார்க்க வேண்டியவை

கன்ட்ரோலரின் நலத்தைச் சோதிக்கும் டிசி-டயாக், அவற்றுக்கிடையே நகல் பரவுவதைக் (ரெப்ளிகேஷன்) காட்டும் ரெப்-அட்மின் என்ற கட்டளைகள் இரண்டையும் வாரம் ஒருமுறை ஓட்டுங்கள். ரெப்ளிகேஷன் தவறினால் அன்றே பாருங்கள். பாதுகாப்பு நிகழ்வுப் பதிவில் 4720 என்ற எண் வந்தால் புதுக் கணக்கு. 4728, 4732, 4756 குழுவில் ஆள் சேர்ந்தது. நிர்வாகக் குழுக்களுக்கு இவற்றில் ஒன்று வந்தால் உங்கள் ஃபோன் ஒலிக்க வேண்டும்.

4740 என்பது கணக்கு பூட்டப்பட்டது. பிடிசி எமுலேட்டரில் அதைத் திறந்தால் எந்தக் கணினியிலிருந்து என்று தெரியும். பாதி நேரம் குற்றவாளி, பயனரின் பாக்கெட்டில் இருக்கும் ஃபோன்: வைஃபைக்குப் பழைய பாஸ்வேர்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

படி 9: பேக்கப்

2017 ஜூனில் நாட்பெட்யா என்ற நாச மென்பொருள் தாக்கியபோது மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் டொமைன் கன்ட்ரோலர்கள் அழிந்தன. அவை ஒன்றையொன்று நகலெடுத்துக்கொள்ளும், ஒன்று போனால் இன்னொன்று என்று நம்பியிருந்தார்கள். எல்லாமே ஒன்றாகப் போகும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. கானாவில் இருந்த ஒரே ஒரு கன்ட்ரோலர் தப்பியது, அதுவும் அந்த நேரத்தில் அங்கே மின்சாரம் போயிருந்ததால்.

குறைந்தது இரண்டு கன்ட்ரோலர்களின் சிஸ்டம் ஸ்டேட்டை (டைரக்டரியையும் சேர்த்த அமைப்பு நகல்) தினமும் எடுங்கள். ஒரு பிரதி நெட்வொர்க்கிலிருந்தே துண்டித்து இருக்கட்டும். 180 நாளுக்கு மேற்பட்ட பேக்கப்பை மீட்கப் பயன்படுத்த முடியாது. பேக்கப் சர்வரை அதே டொமைனில் சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள்: டொமைனை மீட்க பேக்கப் சர்வருக்குள் போக வேண்டும், அதற்குள் போக டொமைன் வேண்டும். விர்ச்சுவல் மெஷினின் ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று நம்பாதீர்கள்.

ஊடுருவல் நடந்திருந்தால், கெர்பரோஸ் டிக்கெட்டுகளுக்கு முத்திரையிடும் கேஆர்பிடிஜிடி கணக்கின் பாஸ்வேர்டை இரண்டு முறை மாற்ற வேண்டும், ஏனெனில் பழையதையும் அது நினைவில் வைத்திருக்கும். இரண்டுக்கும் இடையே குறைந்தது 10 மணி நேரம் விடுங்கள்; இல்லையென்றால் கையில் டிக்கெட் உள்ள எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே விழுவார்கள்.

வருடத்துக்கு ஒருமுறையாவது, வெளியோடு எந்த இணைப்பும் இல்லாத தனி நெட்வொர்க்கில் பேக்கப்பை மீட்டுப் பாருங்கள். உறையில் உள்ள டிஎஸ்ஆர்எம் பாஸ்வேர்ட் வேலை செய்கிறதா என்பது அங்கேதான் தெரியும். சோதனை முடிந்ததும் அந்த மெஷினை அன்றே அழித்துவிடுங்கள், வட்டில் உள்ள கோப்போடு சேர்த்து. நிறுவனத்தில் உள்ள அத்தனை பேருடைய பாஸ்வேர்ட் ஹேஷும் (பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்டு வைத்த குறி) அதற்குள் இருக்கிறது.